சி.எஸ்.ஆர். திட்டத்தோடு கரும்பு கிராமத்துக்கு வருகிறார்கள்: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

கெடிலக்கரையான்

வணக்கம் உறவுகளே. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநராக இருக்கிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பதிவுக் கரும்பு (ஆலையில் முன்பே பதிவு செய்து போடும் கரும்பு) போடுகிறவர்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்காரர்கள்தான் அதிகம்.

எங்கள் பகுதி தனியார் ஆலை, அதனிடம் சர்க்கரை வாங்கும் ஒரு குளிர்பான நிறுவனம், ஒரு தொண்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்து மூன்று வருடத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியில் நடக்கும் என்கிறார்கள். ஒரு பரு நாற்று, சொட்டுநீர், மண் பரிசோதனை, ஏரி தூர்வாருதல், பள்ளிக்குக் கழிப்பறை, பெண்களுக்குப் பயிற்சி என்று பட்டியல் நீளம். எங்களைப் 'பங்குதாரர்' என்று குறிப்பிட்டு ஒப்பந்த வரைவும் கொடுத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் எங்களுக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. என்ன கடமை என்று இரண்டு பக்கம் இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் மனசில்லை. ஏரி தூர்ந்து கிடப்பது உண்மை, பள்ளியில் கழிப்பறை இல்லாததும் உண்மை. இதுபோன்ற திட்டங்களைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். என்ன கேட்க வேண்டும், எதை எழுத்தில் வாங்க வேண்டும்?

மறுதாம்பு

முதலில் ஒன்று கேளுங்கள் அண்ணே. அந்த ஆலையில் உங்கள் ஆட்களுக்கு நிலுவை எவ்வளவு?

1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு இறக்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்த வட்டியை வாங்கியவர் யாராவது உங்கள் ஊரில் உண்டா? எங்கள் பக்கம் அசலுக்கே மறியல் செய்திருக்கிறோம். நகைக்கடன் வட்டி ஒரு பக்கம் ஏறும், ஆலைப் பணம் ஒரு பக்கம் வராது, நடுவில் வந்து மரக்கன்று கொடுத்துப் படம் எடுப்பார்கள்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அது 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, அதாவது நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால். 9.5-க்குக் கீழே இருந்தால் 329 ரூபாய் 5 காசு. தமிழ்நாட்டில் பல ஆலைகள் இந்தக் கீழ்விலையில்தான் நிற்கின்றன. வெட்டுக்கூலி எங்கள் பகுதியில் டன்னுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. மிச்சம் என்ன நிற்கிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கைத் தொடாத எந்தத் திட்டமும் எனக்கு ஒப்புதல் இல்லை.

தணிக்கைத்தோழி

நிறுவனச் செயலர் வேலையில் இருக்கிறேன். சமூகப் பொறுப்பு அறிக்கைகள் தயாரிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. மறுதாம்பு சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பது ஏழாம் அட்டவணையில் இருக்கிறது: குடிநீர், சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரம், மண் நீர் பாதுகாப்பு, ஊரக வளர்ச்சி. எதையெல்லாம் இந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்பது விதிகளில் இருக்கிறது. உங்களுக்கு அதுதான் முக்கியம்.

நிறுவனம் தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் வராது. வேறு ஒரு சட்டத்தின்படி ஏற்கெனவே செய்தாக வேண்டியதும் வராது. தன் பொருளுக்கு விளம்பர ஆதாயம் தேடி அளிக்கும் நன்கொடையும் வராது.

இதை உங்கள் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். ஆலை தன் பதிவு விவசாயிக்கு விதைக்கரும்பு கொடுப்பதும், பூச்சியின் முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணி அட்டை கொடுப்பதும், 'கரும்பு அபிவிருத்தி' என்று காலங்காலமாக நடக்கிற தொழில் செலவு. ஆலைக்குக் கரும்பு வர வேண்டும் என்பதற்காகச் செய்வது. அதே செலவைச் சமூகப் பொறுப்பில் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும், வர வேண்டும். நிலுவைக்கு வட்டி, ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு, இதெல்லாம் சட்டக் கடமை. அந்த நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்க முடியாது. நிலுவையை அடைக்கச் சமூகப் பொறுப்பு நிதி வராது. நிலுவையை மறக்கடிக்கவும் அது வரக் கூடாது. இரண்டும் தனித்தனி மேசை.

இன்னொன்று. உங்கள் உற்பத்தியாளர் நிறுவனம் இந்தப் பணத்தை நேரடியாக வாங்கிச் செலவிடும் அமைப்பாக இருக்க முடியாது. விதிப்படி 8-ஆம் பிரிவு நிறுவனம் (லாப நோக்கில்லாத கம்பெனி), பதிவு பெற்ற பொது அறக்கட்டளை, சங்கம் போன்றவைதான் செயல்படுத்தும் அமைப்பாக வரலாம். தொண்டு அமைப்புக்கான வருமான வரிப் பதிவு வேண்டும், சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவும் வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனி லாபத்துக்கான அமைப்பு என்பதால் அந்த வரிசையில் இல்லை. அதனால்தான் தொண்டு நிறுவனம் நடுவில் வருகிறது. பணம் அவர்கள் கணக்குக்குப் போகும், வேலை உங்கள் ஊரில் நடக்கும். ஆகவே உங்கள் பிடி ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது.

கெடிலக்கரையான்

நன்றி மேடம். 'செயல்படுத்தும் அமைப்பு' சங்கதி எங்களுக்குப் புதிது. எங்கள் கணக்குக்கே பணம் வரும் என்று உறுப்பினர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

செம்பாறைக்காடு

இடையில் ஒரு கேள்வி. எங்கள் ஊர் கூட்டுறவு ஆலை. அதற்கு இந்த 2 சதவீதம் உண்டா?

தணிக்கைத்தோழி

இல்லை. கூட்டுறவு ஆலை கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் பதிவானது, கம்பெனி இல்லை. 135-ஆம் பிரிவு அதைத் தொடாது.

தனியார் ஆலையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2 சதவீதம் என்பது லாபத்தில். வறட்சி வந்து, அரவை குறைந்து, ஆலை மூன்று வருடம் நட்டத்தில் ஓடினால் செலவிட வேண்டிய தொகை பூஜ்யம். விவசாயி அதிகம் தவிக்கும் வருடத்தில் ஆலையிடம் இந்த நிதியே இருக்காது. அதனால் கரும்பு கிராமங்களுக்கு ஆலையை மட்டும் நம்பாமல் சர்க்கரை வாங்கும் குளிர்பான, மிட்டாய், பிஸ்கட் நிறுவனங்கள், வங்கிகள், அந்த மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் மற்ற நிறுவனங்கள் என்று கதவு தட்ட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூட்டுறவு ஆலைப் பகுதிக்காரர்களும் அப்படிக் கேட்கலாம். மத்திய அரசின் சி.எஸ்.ஆர். இணையதளத்தில் எந்த நிறுவனம் எங்கே எவ்வளவு செலவிட்டது என்று பார்க்கலாம்.

வயல்வெளி_பணியாள்

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். (இந்த இழையில் பேசப்படும் திட்டத்தோடு தொடர்பில்லை.) எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

உத்தரப் பிரதேசத்தில் டி.சி.எம். ஸ்ரீராம் ஆலைப் பகுதியில் சாலிடாரிடாட், உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி., கோகோ கோலா சேர்ந்து 'மீட்டா சோனா உன்னதி' என்ற திட்டம் நடத்தினார்கள். விவசாயிக்குப் பயிற்சி, சோகை (காய்ந்த கரும்புத் தோகை) மூடாக்கு, நீர்ச் சிக்கனம் என்று பெரிய அளவில் போனது. ஆலை தனியாக இறங்கினால் கரும்பு எடையோடு நிற்கும். வாங்கும் நிறுவனம் கூட இருந்தால் தண்ணீர், வேலை நிலைமை பற்றியும் கேள்வி வரும். அவர்களுக்கும் வெளியிலிருந்து அழுத்தம் இருக்கிறது. கரும்புக்கான சர்வதேச 'பான்சுக்ரோ' சான்று போன்றவற்றில் குழந்தைத் தொழிலாளர், கூலி, பாதுகாப்பு எல்லாம் கேட்கிறார்கள்.

நாங்கள் செய்ததில் நன்றாக ஓடியது நிழல்வலைக் கூடம். மகளிர் குழு ஒரு பரு நாற்று வளர்க்கிறது. கணுவிலிருந்து பருவை மட்டும் கொத்தி எடுத்து, நேர்த்தி செய்து, குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி ஊன்றினால் ஒரு மாதத்தில் நடவுக்குத் தயார். 5 அடி இடைவெளியில் பார் போட்டால் ஏக்கருக்கு 5,000 நாற்று போதும். கரணை (கரும்புத் துண்டு) ஊன்றினால் டன் கணக்கில் விதைக்கரும்பு போகும். பரு எடுத்த மிச்சக் கரும்பை ஆலைக்கோ வெல்லம் காய்ச்சவோ கொடுத்துவிடலாம். நிழல்வலையும் குழித்தட்டும் நிதியில் வந்தது, நாற்று விற்ற பணம் குழுவுக்கு. திட்டம் முடிந்த பிறகும் அந்தக் கூடம் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற கரும்பு அலுவலர்

கோட்ட அலுவலகத்தில் என் சர்வீஸ் முழுவதும் கரும்போடுதான். வயல்வெளி தம்பி சொன்ன நாற்றங்கால் நல்ல வேலை. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது, யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

நாற்றங்கால் வைத்தால் எந்தக் கரும்பிலிருந்து பரு எடுக்கிறீர்கள் என்பதுதான் எல்லாம். செவ்வழுகல் கண்ட வயலில் பரு எடுத்து நூறு விவசாயிக்கு விற்றால் நோயையும் நூறு வயலுக்கு விநியோகம் செய்ததாகிவிடும். வடக்கே கோ 0238 ரகம் கொடிகட்டிப் பறந்தது, பிறகு செவ்வழுகல் வந்து எவ்வளவு பரப்பு பாழானது என்று எல்லோருக்கும் தெரியும். நம் பக்கம் பல வருடமாக கோ 86032 ஒன்றே பெரும் பரப்பில் நிற்கிறது. ஒரே ரகத்தில் ஊரையே நிறுத்துவது நல்லதல்ல. புல் மாதிரி குச்சி குச்சியாகத் துளிர்க்கும் நோய் இருக்கிறதே, அதற்கு விதைக் கரணையை 50 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். அந்த நீராவிக் கருவி எத்தனை ஊரில் இருக்கிறது? அதை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-லிருந்து இருக்கிறது, உலகத்துக்கே ரகம் கொடுத்த இடம். அங்கிருந்து கோ 11015 போன்ற ரகங்களின் சுத்தமான விதையைக் கொண்டுவந்து ஊரில் ஒரு ஏக்கர் விதைப்பண்ணை வைக்கட்டும். அதிலிருந்துதான் பரு எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அடுத்து சொட்டுநீர். சிறு, குறு விவசாயிக்கு நம் மாநிலத்தில் 100 சதவீத மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75. அப்புறம் எதற்குச் சமூகப் பொறுப்பு நிதியில் மறுபடி சொட்டுநீர்? ஒரே குழாய்க்கு இரண்டு கணக்கு எழுதும் வேலை நடந்துவிடும். ஆனால் மானியம் போட்டுக் கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது. நான் வயல் வயலாகப் பார்த்தது என்ன தெரியுமா? பம்புசெட் கொட்டகைச் சுவரோரம் லேட்டரல் குழாய் சுருட்டுச் சுருட்டாகக் கிடக்கும், மேலே சிலந்தி வலை. பக்கத்தில் எடுத்துப் பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் வெள்ளை உப்புப் படிந்து அடைத்திருக்கும். சில இடத்தில் எலி கடித்திருக்கும். வெட்டும்போது கத்தி பட்டு அறுந்திருக்கும். வெட்டு முடிந்து சோகையைக் கொளுத்தியபோது உருகிப்போன குழாயும் உண்டு. அமிலம் விட்டுக் கழுவத் தெரிந்த ஆள், மாற்று உதிரிபாகம், வடிகட்டி பழுது பார்க்க ஊரிலேயே ஒரு பையன், இவ்வளவுதான் இல்லை. மூன்று ஊருக்கு ஒரு பழுதுபார்க்கும் நிலையமும் பயிற்சி பெற்ற நான்கு இளைஞர்களும் கேளுங்கள். புதுக் குழாயைவிட அதில் அதிகம் தண்ணீர் மிச்சமாகும். கரும்பு ஒரு பயிருக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை நீர் கேட்கும் பயிர், அதில் மிச்சம் பிடிப்பது சின்ன காரியம் இல்லை.

சோகை கொளுத்துவதை நிறுத்தச் சொல்லி வகுப்பு எடுப்பார்கள். வகுப்பு வேண்டாம், சோகையைத் தூளாக்கும் டிராக்டர் கருவி வேண்டும். வெட்டிய பின் மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கட்டையைச் சீவி, சோகையைத் தூளாக்கிப் பாரிலேயே போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும். விவசாயி கொளுத்துவது வேறு வழியில்லாமல்தான். வாடகைக் கருவி நிலையம் உங்கள் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கட்டும்.

மறுதாம்பு

ஐயா சொல்வதெல்லாம் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் விளைச்சலை ஏற்றிக்கொண்டே போனால் போதுமா? ஏக்கருக்குப் பத்து டன் கூட விளைகிறது என்று வையுங்கள். வெட்டு உத்தரவு ஒன்றரை மாதம் தள்ளிப் போனால் வயலிலேயே காய்ந்து எடை இறங்குகிறது, பூ எடுக்கிறது. கூடுதல் விளைச்சல் யாருக்கு? ஆலைக்குக் கரும்பு உறுதி, குளிர்பான நிறுவனத்துக்குச் சர்க்கரை உறுதி, எங்களுக்கு என்ன உறுதி?

பதிவு மூப்புப்படி வெட்டு உத்தரவு கொடுக்கிறோம் என்று ஆலை சொல்கிறது. அந்த மூப்புப் பட்டியலை ஆலையின் கோட்ட அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை, சமூகப் பொறுப்பு நிதியும் வேண்டாம். கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அதைச் செய்யாத ஆலை ஏரி தூர்வாரித் தருகிறேன் என்றால் நான் ஏரிக்கரையில் நின்று மாலை போட மாட்டேன்.

வயல்வெளி_பணியாள்

மறுதாம்பு அண்ணே, அந்தப் பட்டியலைக் கேட்க இந்தத் திட்டமே ஒரு வாய்ப்பு இல்லையா? இதுவரை ஆலை உங்களோடு மேசையில் உட்கார்ந்ததில்லை. இப்போது வாங்கும் நிறுவனத்தின் ஆள் முன்னால் உட்காரப் போகிறது. அவர் முன்னால் கேட்டால் மறுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

மறுதாம்பு

கேட்கலாம். நிலுவை இருக்கும்போது புதுத் திட்டத்தின் தொடக்க விழா நடக்காது என்று நீங்கள் எழுதி வாங்கினால் நானும் வருகிறேன்.

கொட்டாய்க்காரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். 'கரும்பு சமூகம்' என்று எல்லோரும் பேசுகிறீர்கள். பட்டா வைத்திருக்கிறவர்கள்தான் அதில் இருக்கிறார்கள். வெட்டுகிறவர்களைக் காணோம். மறுதாம்பு அண்ணன் கணக்கில் வெட்டுக்கூலி ஒரு செலவாக வந்தது, அதோடு சரி.

என் அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போனவர்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினால் அந்தப் பருவம் முழுக்க எங்கே அனுப்புகிறாரோ அங்கே போக வேண்டும். சோகையும் பிளாஸ்டிக் படுதாவும் போட்ட கொட்டாய்தான் வீடு. விடியும் முன்னே அம்மா சோறு ஆக்கி வைத்துவிட்டுப் போவார். சோகை அருவாள் மாதிரி அறுக்கும், கை முழுக்க கோடு கோடாக இருக்கும், அதன்மேல் வியர்வை பட்டால் எரியும். அதற்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வெட்டுவார்கள். கட்டு கட்டி லாரியில் ஏற்றுவது இன்னும் கஷ்டம். பலகை மேல் தலைச்சுமையோடு ஏற வேண்டும், லாரி எப்போது வருகிறதோ அப்போதுதான் ஏற்ற முடியும், ராத்திரி என்றாலும் சரி. நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுதாகப் படித்தது ஆயா வீட்டில் விட்ட பிறகுதான். கூடப் போன பிள்ளைகள் பலர் படிப்பை விட்டுவிட்டார்கள்.

மராட்டியத்தில் பீட் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். 2019-ல் அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம், வயலில் கழிப்பறை கிடையாது, தண்ணீர் கிடையாது, கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒரே கத்தியாகக் கணக்கு வைத்து முன்பணம். அங்கேயும் ஆலைகள் இருந்தன, சான்றிதழ்கள் இருந்தன, சமூகப் பொறுப்பு நிதியும் இருந்தது.

உங்கள் பட்டியலில் பள்ளிக் கழிப்பறை இருக்கிறது, சந்தோஷம். வெட்டுகிற பெண்ணுக்கு வயலோரம் ஒரு நடமாடும் கழிப்பறை இருக்கிறதா? மூன்று மாதத்துக்கு வரும் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள ஒரு ஆசிரியர் கூடுதலாக இருக்கிறாரா? பகலில் கொட்டாயில் தனியே கிடக்கும் கைக்குழந்தைக்கு ஒரு பால்வாடி இருக்கிறதா? மராட்டியத்தில் பருவகாலத்தில் மட்டும் நடக்கும் 'சாக்கர் ஷாலா' பள்ளிகளைத் தொண்டு நிறுவனங்கள் நடத்தியிருக்கின்றன. நம் பக்கம் அப்படி எத்தனை?

கெடிலக்கரையான்

கொட்டாய்க்காரி தங்கச்சி, நீங்கள் சொன்னது சுருக்கென்று பட்டது. வரைவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 18 பக்கத்தில் 'வெட்டுத் தொழிலாளர்' என்ற பேச்சே இல்லை. ஆலையிடம் கேட்டால் "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, விவசாயி கூலி கொடுத்து வெட்டுகிறார்" என்கிறார்கள். எங்கள் ஆட்களைக் கேட்டால் "கேங்கை (வெட்டு ஆட்கள் குழுவை) அனுப்புவது ஆலை, நாங்கள் பணம் மட்டும் கொடுக்கிறோம்" என்பார்கள்.

தணிக்கைத்தோழி

ஆலை அப்படிச் சொன்னால் நல்லதாகப் போயிற்று. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலையைச் சமூகப் பொறுப்பில் காட்ட முடியாது. வெட்டுகிறவர்கள் ஊழியர்கள் இல்லை என்று ஆலையே சொல்வதால் அந்தத் தடையும் இல்லை. அவர்கள் பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் சுகாதாரம், மருத்துவப் பரிசோதனை, குடிநீர் எல்லாம் ஏழாம் அட்டவணைக்குள் அப்படியே பொருந்தும். ஆனால் அமர்த்துகிறவர் சட்டப்படி தர வேண்டிய வசதிகளை இதில் கலக்க விடாதீர்கள். கலந்தால் யாருடைய கடமை என்பது மறைந்துபோகும்.

ஊர்ப்புற மருத்துவர்

வெட்டும் தொழிலாளர் உடல்நிலை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு தகவல்.

நடு அமெரிக்காவில், குறிப்பாக நிகராகுவாவின் சிச்சிகல்பா பகுதியில், கரும்பு வெட்டும் இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை நோயும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. கடும் வெயிலில் கடும் உழைப்பு, உடலில் நீர் வற்றுவது, அது நாள்தோறும் தொடர்வது முக்கியமான காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். லா இஸ்லா நெட்வொர்க் என்ற அமைப்பு அங்குள்ள சான் அந்தோனியோ ஆலையோடு சேர்ந்து தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. வேலை நேரத்தில் கட்டாய ஓய்வு, வயலுக்கே வரும் நிழல்கூடாரம், உப்புச்சத்துள்ள நீர். பருவத்தின்போது சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் வெயில் அதற்குக் குறைந்தது இல்லை. நம் அரவைப் பருவம் பங்குனி, சித்திரை வரைக்கும் நீளுகிறது. என்னிடம் வரும் வெட்டுத் தொழிலாளர்களில் பலர் முதுகுவலிக்கும் உடல்வலிக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஆளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு பார்ப்பது, பெரிய செலவே இல்லை. ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டு டானிக் கொடுத்துப் படம் எடுப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். தொடர்ந்து பார்த்தால்தான் பலன்.

மறுதாம்பு

டாக்டர் சார், நிழல்கூடாரமும் ஓய்வும் சரி. வெட்டு வேகம் குறைந்தால் கூலி டன் கணக்கில்தானே, அவர்களுக்கு வருமானம் குறையாதா? விவசாயிக்கும் வெட்டு நாள் நீளும்.

ஊர்ப்புற மருத்துவர்

நியாயமான கேள்வி. நடுவெயிலில் களைத்துப் போய் வெட்டும் வேகமும் குறைவுதான். அதிகாலையில் தொடங்கி, நடுப்பகலை விட்டு, இடையிடையே ஓய்வெடுத்தால் மொத்த வெட்டில் பெரிய இழப்பு வராது. அப்படி இழப்பு வந்தால் அதை யார் ஏற்பது என்பதைத் திட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். தொழிலாளி தலையில் கட்டக் கூடாது.

கொட்டாய்க்காரி

லாரி வரும் நேரத்தையும் ஒழுங்கு செய்யுங்கள் சார். லாரிக்காகக் காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது, தூக்கமும் கிடையாது. ஆலை வாசலில் லாரி ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றால் அதன் பாரம் கடைசியில் வயலில் இருக்கிற பொம்பளைமேல்தான் விழுகிறது.

ஓய்வுபெற்ற கரும்பு அலுவலர்

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆலை யார்டில் வண்டி நின்றால் கரும்பும் கெடும், கட்டுமானமும் இறங்கும். அதைச் சரிசெய்வது ஆலையின் தொழில் வேலை, அந்தச் செலவு அவர்கள் கணக்கில்தான் போக வேண்டும்.

கெடிலக்கரையான்

நேற்று எங்கள் இயக்குநர் குழுவில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். இரண்டு மணி நேரம் சத்தம். ஒரு சாரார் வந்ததை விடாதே என்கிறார்கள், ஒரு சாரார் நிலுவையைத் தீர்த்துவிட்டு வா என்கிறார்கள். வெட்டும் கேங் மேஸ்திரிகளைக் கூப்பிடலாமா என்றபோது கொஞ்சம் முணுமுணுப்பு. மேஸ்திரியைக் கூப்பிடுவதா, தொழிலாளியையே கூப்பிடுவதா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

மேடம், ஒப்பந்தத்தில் குறிப்பாக என்ன வாசகம் வேண்டும்?

தணிக்கைத்தோழி

மனதில் படுவதை எழுதுகிறேன், வரிசை முக்கியமில்லை.

ஆண்டு வாரியாகத் தொகை, எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பிரிவோடு, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு மொத்தத்தில் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. தொண்டு நிறுவனத்தின் சம்பளம், வண்டி, அலுவலகம் இவற்றுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அதைக் கேட்பது அவமரியாதை இல்லை. பல வருடத் திட்டம் என்று நிதி தரும் நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்றால் அந்த வருடம் செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் அதே திட்டத்துக்குச் செலவிட வேண்டும். ஆகவே உங்கள் திட்டம் 'தொடர் திட்டம்' என்று அவர்கள் தீர்மானத்தில் இருக்கிறதா என்று நகல் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டாம் வருடம் நிதி வேறு ஊருக்குப் போய்விடும். நான் அதிகம் பார்த்தது இதைத்தான். முதல் வருடம் பதாகை, இரண்டாம் வருடம் ஆளே வரமாட்டார்கள்.

நிறுவனம் ஆண்டுக்குச் சராசரியாகச் செலவிட வேண்டிய சமூகப் பொறுப்புத் தொகை 10 கோடியோ அதற்கு மேலோ இருந்து, உங்கள் திட்டம் ஒரு கோடியோ அதற்கு மேலோ இருந்தால், முடிந்து ஓராண்டு கழித்து வெளியாள் வைத்துத் தாக்க மதிப்பீடு செய்வது கட்டாயம். அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதி உங்களுக்கு வேண்டும் என்று எழுதுங்கள். தொடங்கும் முன்பே நிலத்தடி நீர்மட்டம், மண் கரிமச்சத்து, ஏக்கர் விளைச்சல், விவசாயியின் நிகர வருமானம், வெட்டுத் தொழிலாளர் நிலை எல்லாவற்றையும் அளந்து வைக்க வேண்டும். 'இத்தனை பேருக்குப் பயிற்சி' என்ற எண்ணை மட்டும் அளவுகோலாக ஏற்காதீர்கள்.

விவசாயியின் நில விவரம், விளைச்சல், செயற்கைக்கோள் படம் இவற்றைச் சேகரிப்பார்கள். அது யாருக்குச் சொந்தம், யாருக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதுங்கள். திட்டத்தில் சேர்ந்தவர் அந்த ஆலைக்குத்தான் கரும்பு போட வேண்டும் என்ற வரி எங்காவது ஒளிந்திருந்தால் அடித்துவிடுங்கள். அது இருந்தால் அந்தத் திட்டம் சமூகப் பொறுப்பு இல்லை, கொள்முதல் ஏற்பாடு.

செம்பாறைக்காடு

ஏரி விஷயம் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் தூர்வாரியது. கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்தார்கள். வரத்து வாய்க்காலை யாரும் தொடவில்லை. மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் ஆக்கிரமிப்பு, மதகு, கலங்கல் இவற்றில் கை வைக்காத தூர்வாருதல் வீண். ஏரி நீர்வளத்துறையுடையதா ஒன்றியத்துடையதா என்று முதலில் பார்த்து அனுமதி வாங்குங்கள். எடுக்கும் வண்டல் எங்கே போகிறது என்பதும் முக்கியம். 2024 முதல் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள், அதைக் கரும்பு வயலுக்கே கொண்டுபோங்கள்.

வயல்வெளி_பணியாள்

கிராமசபையை விட்டுவிடாதீர்கள். நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு கூட்டத்திலாவது நிறுவனமும் தொண்டு நிறுவனமும் வந்து செலவுக் கணக்கை வாசிக்க வேண்டும் என்று போடுங்கள். நான் அந்தப் பக்கம் நிற்கிறவன்தான். கணக்கை ஊர் முன்னால் வாசித்த திட்டத்தில் எங்களுக்கும் நிம்மதி.

மறுதாம்பு

என் நிபந்தனை அப்படியே இருக்கிறது: 14 நாள் பணம், மூப்புப் பட்டியல். இரண்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே, தனிக் கடிதமாக ஆலையின் கையெழுத்தோடு வேண்டும். தணிக்கை மேடம் சொன்ன மாதிரி தனி மேசைதான், ஆனால் இரண்டு மேசையும் ஒரே நாளில். மாதக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன் இந்தக் கடிதத்தை வைத்துப் பேசலாம். ஆலைக்காரரும் அங்கே வருவார்.

கொட்டாய்க்காரி சொன்னதில் ஒன்று மட்டும். எங்கள் வயலில் வெட்டும்போது தண்ணீர்க் குடமும் ஒரு படுதாப் பந்தலும் போட நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பருவமே எங்கள் பக்கத்துப் பங்காளிகளிடம் பேசுகிறேன்.

கொட்டாய்க்காரி

நன்றி அண்ணே. கெடிலக்கரை அண்ணனுக்கு ஒரு பதில்: மேஸ்திரியைக் கூப்பிடாதீர்கள், அவர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு கேங்கிலிருந்தும் இரண்டு பெண்களைக் கூப்பிடுங்கள். அன்றைய கூலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் வர முடியாது. கூட்டத்தைச் சாயங்காலம் லாரி ஏற்றும் நேரத்தில் வைக்காதீர்கள்.

கெடிலக்கரையான்

சரி தங்கச்சி. அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, எங்கள் சேமிப்புக் கிடங்கில். கூலியை எங்கள் நிறுவனமே கொடுக்கும். ஆலை, வாங்கும் நிறுவனம் இரண்டுக்கும் அதற்குப் பிறகுதான் தேதி கொடுக்கப் போகிறோம். தணிக்கை மேடம், வரைவைத் திருத்தி இங்கேயே போடுகிறேன், பெயர்களை நீக்கிவிட்டு. பார்த்துச் சொல்லுங்கள்.

தணிக்கைத்தோழி

போடுங்கள். பின்னிணைப்பையும் சேர்த்துப் போடுங்கள், சிக்கலான வரிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.